ஒன்றரை ஏக்கர் வெங்காயம்

அருகன் துணை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் யசோதரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பொன்னம்மாவின் கணவன் ஜினசேனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பொன்னம்மாவும், சென்னையில் வேலையிலிருக்கும் மகள் சௌம்யாவும் உடலளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் விரும்புகிறவன் நான். வரும் புதன்கிழமை வரை அதைக் கூடுதலாக விரும்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, வாசலில் நின்று பேசுகிறவர். சென்ற முறை எனக்கு மூலம் இருப்பதைத் தங்களிடம் சொன்னேன். மறுநாள் தங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் மருந்து சொல்லி அனுப்பினார்கள். இது அதைவிட மறைக்க வேண்டிய விஷயம். அதனால்தான் தபால்.

நான் எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர் என்பது தங்களுக்குத் தெரியும். ஆசிரமப் பக்கத்து விடுதிகளுக்கும் வேங்கிக்கால் புது வீடுகளுக்கும் ஒயரிங் செய்து இருபது வருடமாகப் பிழைக்கிறேன். மாதச் சம்பளக்காரனுக்கு வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அவன் வருத்தப்படுவதோடு சரி. சொந்தத் தொழில் செய்கிற எங்களுக்கோ, கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒரு முழு வருடம் அவகாசம் கொடுக்கிறார்கள். அந்த யோசனைதான் எங்களைக் கெடுக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு செங்கம் சாலை டீக்கடையில் நான் அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது, டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் அன்பரசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"வரி கட்டணும்பா."

"வரியா? நான் கட்டி மூணு வருசம் ஆவுது. நான்தான் வாழை போட்டிருக்கேனே."

"நீ டைல்ஸ் ஒட்டறவனாச்சே. வாழை எங்க போட்ட?"

"பிரசாத்து கம்ப்யூட்டர்ல."

பிரசாத் என்பவர் வரி ஆலோசகர். கலெக்டர் ஆபீசுக்குப் போகும் சாலையில் மாடியில் அறை. உள்ளே ஏசி உண்டு; ஏசி இருக்கும் அறையில் ஒருவர் சொல்வது வெளியில் சொல்வதைவிட உண்மையாகக் கேட்கிறது என்பதை நான் தொழில்முறையில் கவனித்திருக்கிறேன். அந்த ஏசிக்கு ஒயர் இழுத்தவனே நான்தான், இருந்தும் ஏமாந்தேன். அவர் என் கணக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நிலம் இருக்குதா சார்?"

"மச்சான் ஊர்ல, அவர் நிலத்த ஒட்டி ஒன்றரை ஏக்கர் என் பேர்ல இருக்குது. பயிர் வெக்கறது எல்லாம் அவர்தான். எனக்கு வருசத்துக்கு ரெண்டு மூட்டை அரிசியும் கடலையும் வரும்."

"அப்ப நீங்க விவசாயி சார். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. இது நான் சொல்லல, சட்டம் சொல்லுது."

"நான் ஒயரிங் பண்றவன் சார்."

"அது உங்க பொழுதுபோக்கு."

மச்சான், எனக்கு வியர்த்துக் கொட்டுகிற மே மாதத்துப் பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இது தப்பில்லையா என்று கேட்டேன். "தப்புன்னா தப்பு சார். இது பிளானிங்" என்றார். ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "ஏதாவது ஆனா நான் இருக்கேன்" என்றார். இவ்வளவு கேட்ட நான், என்ன பயிர் என்று மட்டும் கேட்கவில்லை. நெல் என்றோ கடலை என்றோ எழுதுவார் என்று இருந்துவிட்டேன். நம் சமண வழக்கம் அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தது என் பிழை. பக்கத்துத் தெருக்காரன் என்ன சாப்பிடுகிறான் என்பதைத் தெரிந்துகொள்வது வேறு. அவன் என்ன சாப்பிடமாட்டான் என்பதைத் தெரிந்துகொள்ள வேறு பழக்கம் வேண்டும்.

விடுதிக்காரர்கள் என் கூலியில் பிடித்துக் கட்டியிருந்த வரிப்பணம் அந்த ஆண்டு எனக்குத் திரும்பி வந்தது. அரசாங்கம் எனக்குப் பணம் கொடுத்தது அதுவே முதல் முறை. அந்தப் பணத்தில்தான் பொங்கலுக்குத் தங்களுக்கு வேட்டியும் துண்டும் எடுத்துக் கொடுத்தேன். கோயில் நிர்வாகக் கூட்டங்களுக்குத் தாங்கள் அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று பொன்னம்மா பெருமையாகச் சொல்வாள். அந்த வேட்டி எதில் வந்தது என்பதை அடுத்த பத்தியில் தெரிந்துகொள்வீர்கள். தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

சென்ற மாதம் வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. தபாலில் வந்தால் ஒளித்து வைக்கலாம். இது மின்னஞ்சலில், சௌம்யாவின் முகவரிக்குப் போயிருக்கிறது. எனக்கென்று தனி முகவரி இல்லாததால் பிரசாத்திடம் அவளுடையதைக் கொடுத்திருந்தேன். அவள் போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அப்பா, நாம எப்பப்பா வெங்காயம் வெச்சோம்?"

"என்ன வெங்காயம்?"

"ஒன்றரை ஏக்கர். பதினாலு லட்ச ரூபா வெங்காயம். பெரிய மாமா நிலத்துப் பக்கத்துல. மாமாவுக்குத் தெரியுமா?"

மச்சான், நான் போனை வைத்துவிட்டேன். வெங்காயமும் பூண்டும் கிழங்கும் மூன்று தலைமுறையாக வாசற்படி தாண்டாத, பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடாத குடும்பம் தங்களுடையது. தாங்கள் அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. சந்தையில் அந்தக் கடைகள் இருக்கும் பக்கத்தை "அந்த வரிசை" என்பீர்கள். மண்ணைக் கிளறி வேரோடு ஓர் உயிரைப் பிடுங்கக் கூடாது என்பதில் தங்கள் உறுதி ஊரறிந்தது. கடலையும் மண்ணுக்குள்தானே விளைகிறது என்று யாராவது கேட்டால், அது கிழங்கு இல்லை, காய் என்று தாங்கள் அரை மணி நேரம் விளக்குவதையும் ஊரறியும். அப்படிப்பட்டவர் உழும் மண்ணில் நான் பதினாலு லட்சத்துக்கு வெங்காயம் பிடுங்கியிருக்கிறேன். தாளில்தான் என்றாலும், தாளில் ஒரு செடிகூட மிச்சமில்லை.

பிரசாத்தைத் தேடிப் போனேன். அறை பூட்டியிருந்தது. போன் அணைந்திருந்தது. கீழே ஜெராக்ஸ் கடையில் கேட்டதற்கு, மனசு சரியில்லை என்று தினமும் விடியற்காலை கிரிவலம் போகிறார் என்றார்கள். மறுநாள் நானும் போனேன். அடி அண்ணாமலை தாண்டி ஆளைப் பிடித்துவிட்டேன். செருப்பில்லாத கால், நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ஓர் அட்டை. "மௌனத்தில் இருக்கிறேன்" என்று அதில் எழுதியிருந்தது. ஆசிரமப் பக்கம் வெள்ளைக்காரர்கள் இப்படி மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறேன். வரி ஆலோசகர் மாட்டி இப்போதுதான் பார்க்கிறேன்.

"பிரசாத் சார், வெங்காயம்னு ஏன் எழுதினீங்க?"

வானத்தைப் பார்த்தார்.

"கடலைன்னு எழுதியிருக்கலாமே சார்?"

தலையை இடமும் வலமும் ஆட்டி, கையை முழங்கால் உயரத்தில் காட்டினார். கடலையில் இவ்வளவுதான் காட்ட முடியும் என்று பொருள். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அது வெங்காயம்.

"இப்ப நான் என்ன சார் பண்றது? ஏதாவது ஆனா நான் இருக்கேன்னீங்களே."

இரு கையாலும் தன்னையே தொட்டுக் காட்டினார். இருக்கிறார்தான். அதில் குறை சொல்ல முடியாது. இப்படி அவர் பேசாமலும் நான் பேசிக்கொண்டும் நடந்து நடந்து, பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும் செய்யாத கிரிவலத்தில் பாதியை வெங்காயத்தின் பொருட்டு முடித்துவிட்டேன். கடைசியில் இரக்கப்பட்டுத் தன் போனை எடுத்து ஒரு வரி தட்டிக் காட்டினார்: பயிர் வைத்தவர் வந்து சாட்சி சொன்னால் போதும். காட்டிவிட்டு உடனே அழித்தார். மௌனத்திலும் மனிதர் ஜாக்கிரதை.

அந்த ஒரு வரியை நம்பி வருமான வரி அலுவலகத்துக்குப் போனேன். விசாரித்தவர் மணிமொழி என்ற இன்ஸ்பெக்டர் அம்மா. சத்தம் போடுகிறவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, பிறகு கேட்டார்.

"என்ன வெங்காயம் சார் வெச்சீங்க? பெல்லாரியா, சின்ன வெங்காயமா?"

"நடுத்தரமா இருக்கும் மேடம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஏக்கருக்கு எத்தனை மூட்டை வந்துச்சு?"

"தேவைப்பட்ட அளவு வந்துச்சு."

"யாருக்குத் தேவைப்பட்ட அளவு?"

வெங்காயத்துக்கு விதை தூவுவதா நாற்று நடுவதா என்பதுகூட நிச்சயமாகத் தெரியாதவன் நான். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் வங்கிக் கணக்குக்குப் போன் வழியாக வந்த பணம் எல்லாம் வரிசையாக இருந்தது. பணம் அனுப்பியவர்கள் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதலாம் என்பதும், எழுதியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வெங்காயம் வித்த பணம்னு காட்டியிருக்கீங்க. பக்கத்துல 'ரெண்டு ஃபேன், ஒரு கீசர், மிக்க நன்றி'ன்னு போட்டிருக்கே சார்?"

"வெளிநாட்டுக்காரங்க மேடம். வெங்காயம் வாங்கினா பாசமா எதாவது எழுதுவாங்க."

"இது? 'பாத்ரூம்ல இன்னும் ஷாக் அடிக்குது, வந்து பாருங்க.'"

நான் தண்ணீர் குடித்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"பொறுமையாதான் கேக்கறேன் சார். இது உண்மையிலே விவசாய வருமானம்னா ஒரு பைசா வரி இல்ல. இல்லன்னா கட்டாத வரி, அதுக்கு வட்டி, வரி மாதிரி ரெண்டு மடங்கு அபராதம். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது. பயிர் வெச்சது யாரு?"

"என் மச்சான் மேடம்."

"சரி. அடுத்த வாரம் புதன்கிழமை நிலத்துக்கே வந்து அவரைக் கேட்டுக்கறேன். அவர் என்ன சொல்றாரோ அத எழுதிக்கறேன்."

இப்போது தங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். அவர் சொன்ன கணக்கைப் பொன்னம்மாவும் நானும் போட்டுப் பார்த்தோம். அந்த ஒன்றரை ஏக்கரை விற்றால்தான் கட்ட முடியும். விற்றால் வாங்குகிறவன் வேலி போடுவான்; தங்கள் கிணற்றிலிருந்து மேல்வயலுக்குப் போகிற வாய்க்கால் அதன் வழியாகத்தான் போகிறது. ஆக, புதன்கிழமை தாங்கள் சொல்லப்போகும் ஒரு சொல்லில் என் நிலமும் தங்கள் தண்ணீரும் தொங்குகின்றன. தாங்களோ, சொந்த மாடு அடுத்தவர் வயலில் மேய்ந்ததை ஒருவரும் பார்க்காதபோதும், தாங்களே போய்ச் சொல்லி, அந்த வயல்காரர் வேண்டாம் என்று கெஞ்சியும் கேளாமல் நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

மச்சான், நான் உங்கள பொய் சொல்லச் சொல்லல. அந்த அம்மா "வெங்காயம் வெச்சீங்களா"ன்னு கேட்டா "ஆமா"ன்னு வாயால சொல்ல வேணாம், தலைய ஆட்டினா போதும். தலைய ஆட்டவும் மனசு வரலன்னா அந்த நேரம் பாத்து இருமலாம். உங்களுக்குத்தான் இருமல் இருக்குதே. அதுவும் முடியாதுன்னா "எல்லாம் மாப்ளைக்குத்தான் தெரியும்"னு சொல்லிடுங்க. உங்களப் பொறுத்தவரை அது ஒன்னும் பொய்யில்ல. எனக்குத்தான் தெரியும்னு நீங்க நம்பினதா இருக்கட்டும். வரப்புல நாலு வெங்காயச் சருகு மட்டும் கெடந்தா நல்லா இருக்கும். சருகுக்கு நீங்க ஒன்னும் பண்ண வேணாம், நான் மார்க்கெட்ல பொறுக்கி பையில போட்டு பஸ்ல குடுத்தனுப்பறேன். நாத்தம் வெளிய வராத மாதிரி மூணு பை போட்டு கட்டறேன். கோயில் பக்கமா எடுத்துட்டு போவ வேணாம், பின்னால ஏரிக்கர வழியா போனா போதும்.

ஒரு சொல், அல்லது ஓர் இருமல். தங்களிடம் இந்த முப்பது வருடத்தில் நான் வேறு எதையும் கேட்டதில்லை. பெண்ணைக் கேட்டதுகூட என் தகப்பனார்தான்.

தங்கள் கிணற்றில் நீரும் வீட்டில் நிம்மதியும் குறையாதிருக்க அருகனை வேண்டிக்கொள்கிறேன். வீட்டிலுள்ள அனைவருக்கும் எங்கள் வணக்கங்கள். சௌம்யா தனியாக விசாரித்தாள். இந்த விஷயத்தில் அவள் தங்கள் பக்கம்தான் என்று சொல்லச் சொன்னாள். தாங்கள் இன்னும் எந்தப் பக்கமும் எடுக்கவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் அன்பை மட்டுமே முதலாக வைத்திருக்கும்,
ஜினசேனன்

பின்குறிப்பு:

திங்கட்கிழமை, மதியம். மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்ய வேண்டாம்.

காலையில் இதைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். பேருந்து நிலையத்தருகே, தங்களுக்கு அடுத்த நிலத்துக்காரர் சக்கரவர்த்தி போளூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நான் கும்பிடுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா ஜினசேனா, உன் நெலத்துல வெங்காயம் வெச்சிருக்குது. ஊரே வரப்புல நின்னு பாக்குது."

"எந்த நெலத்துல?"

"உன் ஒன்றரை ஏக்கர்லதான். நிக்கற கடலைய ஏர் ஓட்டி அழிச்சுட்டு வெச்சுட்டாரு உன் மச்சான். வேன்ல வெத மூட்டை வந்து எறங்குச்சு. அவரு தொடல. எட்ட நின்னுக்கினு ஆளுங்கள வுட்டு நட்டாரு."

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"கேக்காம இருப்பனா. 'என் தங்கச்சி போன் பண்ணுச்சு. ஆபீசர் வந்து வெங்காயம் வெச்சியான்னு கேப்பாங்களாம், வெச்சேன்னு சொல்லணுமாம். வெக்காம எப்புடிய்யா சொல்றது'ன்னாரு. நட்ட நாள்ல இருந்து ஒரு வேளதான் சாப்புடறாரு. எளச்சுப் பூட்டாரு மனுசன்."

வீட்டுக்கு வந்து பொன்னம்மாவைக் கேட்டேன். "அண்ணன்கிட்ட எதையாவது மறைச்சிருக்கேனா நான்? மனசு தாங்கல, சொன்னேன். 'சரி கண்ணு, நான் பாத்துக்கறேன்'னாரு. இப்படிப் பாத்துப்பாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக வெங்காயம் நடுகிற ஒருவரிடம், இருமச் சொல்லி நான் நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

மச்சான், அவர்கள் கேட்பது முந்தின வருடத்து வெங்காயத்தை. இப்போது நட்டதால் அது விளைந்ததாகாது. இதைத் தங்களிடம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை என்பதால், நேராக மணிமொழி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: ஃபேன், கீசர், ஷாக் அடிக்கிற பாத்ரூம், எல்லாம் என் ஒயரிங்தான், நிலத்தில் அன்று இருந்தது கடலை, என் மச்சானுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் எழுதிக்கொண்டார். புதன்கிழமை வரமாட்டார். வரியும் வட்டியும் கட்டியாக வேண்டும். அபராதத்தை மேலே முடிவு செய்வார்களாம். கடைசி நேரத்திலாவது தானாக வந்து சொன்னார் என்று குறிப்பு வைப்பதாகச் சொன்னார். நிலம் நிற்குமா என்பது அந்தக் குறிப்பைப் பொறுத்தது. பிறகு அவரே, கேட்காமல், இன்னொன்றும் சொன்னார். "உங்கள மாதிரி சின்ன காண்ட்ராக்டர் மொத்த வரவுல ஒரு பங்க மட்டும் லாபம்னு காட்டி வரி கட்டலாம், அதுக்குச் சட்டத்துலயே வழி இருக்குது சார். அப்படிக் காட்டியிருந்தா அன்னிக்கு உங்களுக்கு வந்திருக்கக்கூடிய வரி, பிரசாத்துக்குக் குடுத்த ஃபீஸவிடக் கம்மி."

நான் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தப் பயிரைப் பிடுங்குவதா விடுவதா என்று தாங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பிடுங்கினாலும் பாவம், விளைந்தபின் தோண்டினாலும் பாவம். புதன்கிழமை ஆபீசருக்குப் பதில் நான் வருகிறேன். அதற்கு எந்த ஆலோசகரையும் பார்க்காமல் நாம் இருவரே உட்கார்ந்து முடிவு செய்வோம். விளைந்து விற்றால் அதற்கு வரி கிடையாது என்று கேட்டு வந்திருக்கிறேன். ஓட்டிய கடலைக்கு ஆனதை நான் தருகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றேன். "எழுதினத அப்படியே அனுப்புங்க, அண்ணன் படிக்கட்டும்" என்றாள் தங்கள் தங்கை. சக்கரவர்த்தி மூன்று மணி பஸ்ஸில் திரும்புகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் சொல்ல வேண்டியது இனி ஒன்றும் இல்லை மச்சான். இது வந்து சேரும்போது இன்னும் வெளிச்சம் இருக்கும். பொழுது சாய்வதற்குள் இரண்டாம் வேளையும் சாப்பிட்டுவிடுங்கள்.